தேனா, தேனீப் பிசினா, ராயல் ஜெல்லியா: சர்க்கரைக்காரருக்கு எது?

"சீனியைத்தான் விட்டுட்டேனே, தேன்தானே" என்பார் பெரியம்மா. காலையில் எலுமிச்சைச் சாற்றில் இரண்டு மேசைக்கரண்டி தேன் விட்டு, கரண்டியில் ஒட்டியதையும் வழித்து நக்கிவிட்டுத்தான் சர்க்கரை மாத்திரையைத் தேடுவார். அந்த இரண்டு கரண்டியிலேயே ஏறத்தாழ 34 கிராம் சர்க்கரை போய்விடுகிறது. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். ஃபிரக்டோஸ் சற்றுக் கூடுதல் என்பதால் ரத்தத்தில் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவே.

ஈரானில் 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றில் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள் 8 வாரம் தேன் சாப்பிட்டார்கள். எடையும் கொழுப்பும் குறைந்தன. ஆனால் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு, ஏறிவிட்டது. தேன் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்று காட்ட எல்லோரும் எடுத்து நீட்டுவது, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து டொராண்டோ பல்கலைக்கழகத்தார் 2022-ல் வெளியிட்ட அலசலை. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் நல்ல ஆரோக்கியமானவர்கள், சரியா?

பிசின் கதை வேறு. மரப்பிசினை மெழுகோடு குழைத்துக் கூட்டின் விரிசலை அடைக்கத் தேனீக்கள் செய்வதுதான் புரோபோலிஸ். இதில் சர்க்கரை அனேகமாக இல்லை. எட்டுப் பன்னிரண்டு வார ஆய்வுகள் பலவற்றில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் ஓரளவு இறங்கின. ஜப்பானில் தினம் 226.8 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை அசையவில்லை. அளவு மாறினாலும், பிசின் எடுத்த மரம் மாறினாலும் பலன் மாறும். நம்மூர்ப் பெட்டித் தேனீ பிசின் சேர்ப்பதில்லை என்பதால், கடையில் இருப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த கேப்ஸ்யூல்தான்.

ராணித் தேனீக்கு ஊட்டத் தேனீக்கள் சுரக்கும் ராயல் ஜெல்லிக்குச் சின்னச் சின்ன ஆய்வுகள்தான், முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்ததுண்டு, விலையும் எக்கச்சக்கம்.

என்னைக் கேட்டால், ஒன்றை எடுத்தே தீரவேண்டும் என்றால் பிசின். அதுவும் மாத்திரையை நிறுத்தாமல், டாக்டரிடம் சொல்லிவிட்டு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பெரியம்மாவின் தேன் பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம். சர்க்கரை ரொம்பத் தாழ்ந்து, கை நடுங்கி, வியர்த்து, மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் ஒரு மேசைக்கரண்டி கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி விரலைக் குத்திப் பாருங்கள்.