முழங்கால் தேய்மானத்துக்கு வீடு தேடி வரும் குழு: இரண்டு குறுவைக்குப் பிறகு

மன்னார்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். ஜெல் ஊசி போடச் சொல்றாங்க. வீட்டுக்கு வர்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' குழுவை நம்பி ஊசியை விட்டுடலாமா?"

ஊசியை விடலாம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முட்டிக்குள் போடும் ஜெல் ஊசியும் வேண்டாம், குளுக்கோசமைன் மாத்திரையும் வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து தேவைப்பட்டால் முதலில் மேலே தடவும் வலி ஜெல் என்பதுதான் அதன் வரிசை. குழுவை நம்பலாமா என்பதற்கு அவ்வளவு சுருக்கமாகப் பதில் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழுவில் பெரிய ஆள் டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ இல்லை, அதே தெருவிலிருந்து வரும் தன்னார்வலப் பெண்தான். பிரஷர் பார்க்க வந்தவர், வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் முறத்தில் கொட்டச் சொல்வார். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய டைக்ளோஃபெனாக் அட்டை அங்கேதான் வெளியே வரும். பிரஷருக்கு லோசார்டான், கூடவே நீர் பிரியும் மாத்திரை, அதற்கு மேல் தினமும் இந்த வலி மாத்திரை என்றால் சிறுநீரகம் தாங்காது. வயிற்றுப் புண் தனி. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பார், இந்த அட்டை அவர் கண்ணில் படாது. இந்த ஒன்றுக்காகவே குழுவுக்குக் கும்பிடு போடலாம்.

இனி எரிச்சல். அது ஒரே ஒரு எண்: பத்து.

முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து ஐந்து எண்ணும் வரை அழுத்தணும், பத்து தடவை. மல்லாந்து படுத்து முட்டியை மடக்காமல் காலைத் தூக்கணும், பத்து தடவை. ஆடியில் பத்து, தையில் பத்து, அடுத்த ஆடியிலும் பத்து. தொடைத் தசைக்குச் சுமை கூடினால்தான் பலம் கூடும். பத்தைச் சிரமமில்லாமல் செய்கிறவருக்கு அதே பத்து வெறும் சடங்கு. மூன்றாம் மாதம் "செஞ்சும் ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடுவார்கள், பழி பயிற்சி மேல் விழும். மூட்டுத் தேய்மானத்துக்காக டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய கிளாட் பயிற்சித் திட்டத்தில் 6 வாரத்துக்குள் 12 அமர்வு, பிசியோவின் கண் முன்னால் நடக்கும். ஒரு நிலையை ஒழுங்காகச் செய்ததும் அடுத்த நிலைக்கு ஏற்றிவிடுவார்கள். இங்கே பிசியோ எப்போதாவது வருகிறார். இடைப்பட்ட வாரங்களில் வரும் தன்னார்வலருக்குச் சுமையைக் கூட்டும் அதிகாரம் இல்லை. குழு எழுதும் நோட்டில் பிரஷருக்குக் கட்டம் உண்டு, சர்க்கரைக்குக் கட்டம் உண்டு, முட்டிக்குக் கிடையாது. போன முறை எதில் விட்டோம் என்பது யாருக்கும் தெரியாததால் எல்லாரும் பத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.

ஆகவே வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாதம் ஒருமுறை ஒரு கணக்கு எழுதுங்கள்: கையை மார்பில் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழ முடிகிறது? நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்கட்டும், சிமெண்டுத் தரையில் வழுக்கும். வலி பத்துக்கு எவ்வளவு என்று பக்கத்தில் போடுங்கள். பிசியோ வந்ததும் இந்தப் பக்கத்தை நீட்டி, "அடுத்து என்ன?" என்று கேளுங்கள்.

உட்கார்ந்து எழுவதில் உயரம்தான் மருந்தின் அளவு. முதலில் கட்டிலில் மெத்தையை மடித்துப் போட்டு, கை ஊன்றி எழலாம். பிறகு கை ஊன்றாமல், பிறகு திண்ணை, பிறகு நாற்காலி. அதன் பிறகு மூன்று எண்ணி மெதுவாக உட்காருவது. திண்ணைக்கு வந்தபின் வாசற்படி ஏறி இறங்கத் தொடங்கலாம், சுவரைப் பிடித்துக்கொண்டு. கால் தூக்கும் பயிற்சிக்குக் கணுக்காலில் அரைக்கிலோ கட்டுங்கள், உப்புப் பாக்கெட்டை இரண்டாகப் பிரித்துத் துணிப்பையில் தைத்தால் போதும். பத்து முடித்தும் இன்னும் இரண்டு முடியும் என்ற நிலை வந்தால் மறுபாதியையும் சேர்க்கலாம். செய்யும்போது வலி பத்துக்கு ஐந்து வரை போகலாம். 24 மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு அடங்காவிட்டால் ஒரு படி கீழே இறங்குங்கள், நிறுத்தாதீர்கள்.

எடை பற்றிக் குழு சொல்வது "குறைங்கம்மா" என்பதோடு சரி. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டி தாங்கும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்பதைச் சொன்னால் மூன்று வேளைச் சோறு தானாக இரண்டு வேளையாகும். ஊன்றுகோலையும் பாதிப் பேர் வலிக்கிற கால் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்க்கையில் பிடிக்கணும். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு ரேகை உயரத்துக்கு வரணும். அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றணும்.

குறுவை நடவு வந்தால் இன்னொரு கோளாறு. பதினோரு மணிக்குக் குழு வரும்போது முட்டி வலிக்காரர் வயலில் நிற்பார். ஆளில்லை என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வாரங்களில் படியேற்றத்தை விட்டுவிட்டு, படுத்தபடி செய்யும் இரண்டை மட்டும் ராத்திரி செய்யச் சொன்னால் போதும், நடவு முடிந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. இதைச் சொல்ல ஒரு போன் போதாதா?

முட்டி திடீரெனச் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தாலோ, மடக்கவே முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கினாலோ குழுவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரி.

குழுவுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. போன மாதம் கேட்டிருந்தால் நான்கு போட்டிருப்பேன். அரைக்கிலோவோடு படியேறிக்கொண்டிருந்தவரை, புதிதாக வந்த பிசியோ இந்த வாரம் துண்டைச் சுருட்டச் சொல்லியிருக்கிறார். பத்து தடவை.