புரோஸ்டேட் வீக்கம்: மாத்திரையோடு ஓட்டலாமா, ஆபரேஷனுக்குப் போகலாமா?

பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை சிறுநீர் கழிக்க வேண்டும், இறங்கியதும் ஒரு தடவை. நடுவில் வண்டி எங்கே நிற்கும் என்ற கணக்கு வேறு. ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ‘சர்க்கரையாக இருக்கும்’, ‘வயசாச்சு’ என்று இரண்டு மூன்று வருடம் தள்ளிவிட்டு, கடைசியில் ஸ்கேன் எடுத்தால் ‘கிரேடு 2 புரோஸ்டேட்டோமெகலி’ (புரோஸ்டேட் வீக்கம்; கிரேடு என்பது அது எவ்வளவு பெரிசு என்பது) என்று எழுதி வருகிறது. அன்று சாயங்காலமே வீட்டில் பட்டிமன்றம்: மாத்திரையா, ஆபரேஷனா?

அந்தப் பட்டிமன்றத்துக்குக் கிரேடை நடுவராக உட்கார வைத்துவிடுகிறோம். அங்கேதான் தப்பு. புரோஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, நீர் வெளியேறும் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. வாலிபத்தில் சுமார் 20 கிராம். அது 80 கிராம் ஆகியும் பேசாமல் இருப்பவர்கள் உண்டு; குழாயை நெரிக்கிற மாதிரி வளர்ந்தால் 35 கிராமே ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிடும். எவ்வளவு பெரிசு என்பதைவிட, எவ்வளவு அடைக்கிறது, உங்களை எவ்வளவு படுத்துகிறது என்பதுதான் கேள்வி. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசு, 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. கூடவே இரண்டு சோதனை: ஒரு புனலில் நீர் கழிக்க வைத்து வேகம் பார்ப்பார்கள், கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். நொடிக்கு 10 மில்லிக்குக் கீழே வேகம் இருந்தால் அடைப்பு என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். 

மதிப்பெண் 7-க்குள், மிச்சமும் இல்லை என்றால் மாத்திரையே வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபியைக் குறைத்து, வருடம் ஒரு தடவை காட்டிக்கொண்டால் போதும். இதையும் ஒரு வைத்தியமாக டாக்டர்கள் மதிக்கிறார்கள். வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்களே என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

அதற்கு மேல் போனால் மாத்திரை. ‘புரோஸ்டேட் மாத்திரை’ என்று ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே இரண்டு வெவ்வேறு ஆட்கள் இருக்கிறார்கள். டாம்சுலோசின் குழாயைச் சுற்றியுள்ள தசையை இளக்கும். சில நாளிலேயே வித்தியாசம் தெரியும், ஆனால் சுரப்பி சுருங்காது. சிலருக்குப் படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றும். விந்து வெளியே வருவது குறையலாம். கண்புரை ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் நடுவில் கருவிழித்திரை தொளதொளவென்று மடங்கி வேலையைக் கெடுக்கும். புரோஸ்டேட், கண்புரை இரண்டு தொல்லையும் ஒரே வயதில் வருவதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஃபினாஸ்டரைடும் டுட்டாஸ்டரைடும் வேறு ரகம். டெஸ்டோஸ்டிரோனை வீரியம் கூடிய இன்னொரு ஹார்மோனாக மாற்றும் நொதியைத் தடுத்து, சுரப்பியைக் கால்வாசி வரை சுருக்கும். ஆனால் அதற்கு ஆறு மாதம் ஆகும். சின்னச் சுரப்பிக்கு இதனால் பெரிய பலன் இல்லை, பெரிய சுரப்பிக்குத்தான். சிலருக்கு ஆசை குறையும், விறைப்பு தளரும். அப்புறம், புரோஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவை இது பாதியாக்கிவிடும். ரிப்போர்ட்டில் 2 என்று வந்தால் அதை 4 என்றுதான் படிக்க வேண்டும். புரோஸ்டேட் வீக்கம் புற்றுநோய் அல்ல, அதுவாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

என் சித்தப்பா இந்த இரண்டாவது மாத்திரையை ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு, ‘காசுதான் கரையுது, ஒண்ணும் வேலை செய்யல’ என்று நிறுத்தினார். ஐப்பசி மழையில் சளி பிடித்தது. தெருமுனை மருந்துக் கடையில் ஜலதோஷ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். ராத்திரி பதினொரு மணிக்கு நீர் சுத்தமாக நின்றுவிட்டது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்வையாக, குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் முக்கிக்கொண்டு நின்றார். அடிவயிறு கல் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் அதோடு மாட்டிய பிளாஸ்டிக் பை மளமளவென்று நிறைந்தது: 900 மில்லி. சளி மாத்திரைகளில் இருக்கும் சில மருந்துகள் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும், சில பையின் தசையைச் சோர வைக்கும். ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறவருக்கு அதுவே போதும்.

இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று 3,047 பேரிடம் அமெரிக்காவில் பல வருடம் பார்த்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் இளக்கும் மருந்தாகக் கொடுத்தது டாக்ஸசோசின். நோய் முற்றும் வாய்ப்பு, தனித்தனியாகக் கொடுத்தபோது முப்பத்துச் சொச்சம் சதவீதமும், சேர்த்துக் கொடுத்தபோது 66 சதவீதமும் குறைந்தது. சுரப்பி பெரிதாக இருப்பவர்களுக்கு ஜோடி மாத்திரை எழுதுவது இதனால்தான். மூலிகை மாத்திரை கேட்பவர்களுக்கு ஒரு வரி: மேல்நாட்டில் அமோகமாக விற்கும் ‘சா பால்மெட்டோ’வை மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு வைத்துச் சோதித்து 2006-இல் வெளியிட்டபோது, இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

ஆபரேஷன் பக்கம் வருவோம். சில சமயம் ஒப்பீட்டுக்கே இடமிருக்காது. டியூபை எடுத்தால் மறுபடி மறுபடி அடைப்பு, பையில் கல், திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று, நிற்காத ரத்தம், சிறுநீரகம் வீங்குவது. இவற்றில் ஏதாவது இருந்தால் மாத்திரையைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். பையின் தசை வருடக்கணக்கில் முக்கி முக்கி ஓய்ந்துபோனால், பிறகு அடைப்பை எடுத்தும் நீர் சரியாக வராது. தள்ளிப்போடுவதற்கு இந்த விலை உண்டு.

எந்த ஆபரேஷன்? டியுஆர்பி பழைய, நன்றாகப் பழகிய வழி. வெளியே தழும்பு கிடையாது. முதுகில் ஊசி போட்டு, நீர்க்குழாய் வழியாகவே போய்ச் சுரப்பியின் உள்பகுதியைச் சீவி எடுப்பார்கள். இரண்டு மூன்று நாள் டியூப். சிறிய, நடுத்தரச் சுரப்பிக்குச் சரி. லேசர் முறையான ஹோலெப்பில், ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து உரிக்கிற மாதிரி மொத்தமாக எடுத்துவிடுவதால், எவ்வளவு பெரிதானாலும் செய்யலாம், ரத்தப்போக்கும் குறைவு. ஆனால் கற்றுக்கொள்ளக் கடினமான வேலை. லேசர் என்ற சொல்லுக்காக மயங்காமல், ‘நீங்கள் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்?’ என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். கை பழகிய டியுஆர்பி டாக்டர் பக்கத்தில் இருந்தால், நான் அவரிடமே போவேன்.

இரண்டிலும் பலரிடம் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று: விறைப்புக்குப் பெரும்பாலும் கெடுதல் வராது, ஆனால் பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்கு ஆபத்தில்லை. ஆனால் முன்கூட்டியே தெரியாவிட்டால் மனசு உடைந்துபோகும். இது முக்கியம் என்பவர்கள், நீராவியால் சுரப்பியைச் சுருக்கும் ரெசூம் போன்ற புது முறைகளைப் பற்றிக் கேட்கலாம்.

டியூப் எடுத்ததும் நீர் தானாக வந்ததால் சித்தப்பாவுக்கு ஆபரேஷன் வரை போகவில்லை. ஜோடி மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த தடவை வரும்போது மூன்று நாள் கணக்கு எழுதி வரச் சொன்னார்கள். கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்றைக் கழிப்பறையில் வைத்து, காலண்டர் தாளின் பின்பக்கம் நேரமும் மில்லியும் எழுதினார். பகலில் தடவைக்கு 120, 150. ராத்திரியிலோ நான்கு தடவையும் 350-க்கு மேல். ராத்திரி எழுப்புவது புரோஸ்டேட் மட்டும் இல்லை, உடம்பே ராத்திரியில் அதிகமாக நீர் சுரக்கிறது என்று அந்தத் தாளைப் பார்த்ததும் டாக்டர் சொன்னார். இந்த வகைக்கு ஆபரேஷன் செய்தாலும் ராத்திரி எழுந்துகொண்டேதான் இருக்க வேண்டும். சாயங்காலம் போட்டுக்கொண்டிருந்த பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து இருந்தது. அதைக் காலைக்கு மாற்றிக் கொடுத்தார்.