வெளி மார்க்கெட் ஹசார்ட் சுவிட்ச்: வாங்கலாம், பார்த்து
பழைய கார்கள் பலவற்றில் இண்டிகேட்டருக்குப் போகும் மின்சாரமே ஹசார்ட் சுவிட்ச் (நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்ன வைக்கும் பட்டன்) வழியாகத்தான் போகிறது, அதனால் உள்ளே காண்டாக்ட் தேய்ந்தால் இண்டிகேட்டரும் படுத்துவிடும். வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஹைவேயில் இண்டிகேட்டர் இல்லாமல் லேன் மாறினால் பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனிலேயே நம்மைத் தூக்கிவிடுவார். காட்பாடி ரோட்டில் பிராண்ட் பெயரே இல்லாத சுவிட்ச் ஒன்றை வாங்கி நானே மாட்டினேன். பழையதைக் கொண்டுபோய் பின்களை ஒப்பிட்டு வாங்குங்கள், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள், நம்பாதீர்கள். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வேலூர் வெயிலில் காய்ந்த பேனல் கிளிப் அப்பளம் மாதிரி நொறுங்கும், ஸ்குரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் பட்டையால் மெதுவாக நெம்புங்கள். அப்புறம் கனெக்டர் லாக்கை அழுத்தி இழுத்தால் வந்துவிடும், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். புது சுவிட்ச் கொஞ்சம் இறுக்கம், இரவில் வெளிச்சமும் மங்கல். இண்டிகேட்டர் மட்டும் பிசகாமல் எரிகிறது.