ஜிலேபி மீனுக்கு சோயாவா, கடலைப் புண்ணாக்கா, அசோலாவா?

செங்குன்றம் பக்கம் சித்தப்பா குளத்துல கிஃப்ட் ஜிலேபியும் (சீக்கிரம் வளர்ற மேம்படுத்தின திலேப்பியா ரகம்) ரோகுவும் விட்டிருக்கோம், மொத்தச் செலவுல பாதிக்கு மேல தீனிக்கே போகுது, அதான் மீன்தூள் இல்லாம வெறும் தாவரத் தீனியில ஓட்ட முடியுமான்னு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தோம்.

மீன்தூள் மட்டமான சரக்கு இல்ல, புரதமே 60-65 சதவீதம் இருக்கும். ஆனா நாலஞ்சு கிலோ பச்சை மத்திய காய வச்சு அரைச்சாதான் ஒரு கிலோ தூள் கிடைக்குது, காசிமேட்டுல நம்ம அம்மாங்க குழம்புக்குன்னு பேரம் பேசி வாங்கற அதே மத்தி, நெத்திலிய அரைச்சு ஜிலேபிக்குப் போடறது எனக்கு மனசுக்கு ஒப்பல.

சோயா புண்ணாக்குல புரதம் 44-48 வரும், புரதத்துல இருக்க வேண்டிய அமினோ அமிலங்கள்ல லைசின் நல்லா இருக்கு, குறை மெத்தியோனின்ல. சோயா பயறு வாங்கி பச்சையா அரைச்சுப் போடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, தயவுசெஞ்சு போடாதீங்க, மீனோட செரிமானத்தைத் தடுக்கற பொருள் அதுல இருக்கு, சூடு பட்டாதான் போகும். பாஸ்பரஸப் பிடிச்சு வச்சுக்கற ஃபைட்டேட்டுங்கற பொருளும் இருக்கு, அதுல மாட்டின பாஸ்பரஸ மீனால எடுக்க முடியாது, கழிவா தண்ணிக்குத்தான் போகும், குளம் பச்சையா மாற அதுவும் ஒரு காரணம். அப்புறம் சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிராலேர்ந்து லாரியில வரணும்.

கடலைப் புண்ணாக்கு அப்படி இல்ல, திண்டிவனம், திருவண்ணாமலை பக்கமே கிடைக்குது, புரதம் 40க்கு மேல, மீனும் ஆசையா சாப்பிடும். எனக்கும் முதல்ல இதுதான் பிடிச்சுது. ஆனா ஐப்பசி மழையில ஒரு மூட்டையப் பிரிச்சு ஒரு துண்ட உடைச்சேன், வெளிய பாக்க நல்லா இருந்துச்சு, உள்ள இடுக்குல பச்சையும் மஞ்சளுமா பூஞ்சணம், மூட்டையே சொதசொதன்னு இருந்துச்சு. இந்த மாதிரி பூஞ்சணம் விடற அஃப்ளாடாக்சிங்கற விஷம் கல்லீரலத்தான் தாக்கும், காய வச்சாலோ வேக வச்சாலோ முழுசா போகாது. மொத்த மூட்டையையும் தூக்கிப் போட்டோம். சென்னை ஈரத்துல இதை மாசக்கணக்கா ஸ்டாக் வைக்க முடியாது, லைசினும் மெத்தியோனினும் ரெண்டுமே கம்மி வேற.

எள்ளுப் புண்ணாக்க யாரும் பெருசா பேசறதில்ல. அதுல மெத்தியோனின் நிறைய, லைசின் கம்மி, சோயாவுக்கு அப்படியே உல்டா. ரெண்டையும் சேத்தா ஒண்ணோட ஓட்டைய இன்னொண்ணு அடைக்குது. இதுலயும் ஃபைட்டேட் இருக்கறதால அளவாத்தான் போடணும்.

அசோலா (தண்ணியில மிதக்கற சின்னப் பெரணிச் செடி) மட்டுமே போதும்னு வீடியோவுல சொல்றத அப்படியே நம்பாதீங்க. காய்ஞ்ச அசோலாவுல புரதம் 20-25 சதவீதம், சரி, ஆனா பச்சையா 90 சதவீதத்துக்கு மேல தண்ணி, கணக்குப் போட்டா ஒரு கிலோ சோயா தர புரதத்துக்கு கிட்டத்தட்ட 30 கிலோ பச்சை அசோலா வேணும். சித்திரை வெயில்ல நிழல்வலை இல்லன்னா சிவந்து போயிடும். தினம் ஒரு கூடை அள்ளிப் போடுங்க, ஜிலேபி நல்லா மேயும், அதோட சரி, முழுத் தீனியா நினைக்காதீங்க.

இதெல்லாம் ஜிலேபி, கெண்டைக்குத்தான் பொருந்தும். கொடுவாவுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அது மீனத் தின்னு வளர்ற மீன், புரதமே 40க்கு மேல கேக்கும், டிஹெச்ஏ, இபிஏன்னு சொல்ற ஒமேகா-3 கொழுப்பும் வேணும், அது எந்தப் புண்ணாக்குலயும் கிடையாது, மீன் எண்ணெய் இல்லாம வேணும்னா நுண்பாசி எண்ணெய்தான், நம்மள மாதிரி சின்னக் குளத்துக்காரங்களுக்கு அது கட்டுப்படியாகாது. கொடுவா வளக்கறவங்க முட்டுக்காட்டுல இருக்கற சிபா (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்) நிலையத்துல ஒருதடவ நேர்ல கேட்டுட்டு தீனிய மாத்துங்க.

இப்ப நாங்க போடறது 100 கிலோவுக்கு சோயா புண்ணாக்கு 45, எள்ளுப் புண்ணாக்கு 15, தவிடு 30, மரவள்ளி மாவு 8, மினரல் மிக்ஸ் 2. கூட்டிப் பாத்தா புரதம் 30 சதவீதத்த ஒட்டி வருது, வளர்ற ஜிலேபிக்கு அது போதும். மரவள்ளி மாவக் கொதிக்க வச்சு கூழாக்கி மத்ததோட கலந்து பிழிஞ்சு நல்லா காய வைக்கணும். பத்து உருண்டைய கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டுப் பாருங்க, கால் மணி நேரம் கரையாம நின்னா குளத்துல இறக்கலாம், அஞ்சு நிமிஷத்துல கலங்கிடுச்சுன்னா மரவள்ளிய இன்னும் கொஞ்சம் ஏத்துங்க.