“டர்போ போச்சு அண்ணாச்சி” என்றால் முதலில் ஹோஸைக் காட்டச் சொல்லுங்க

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியை ஒர்க்ஷாப்பில் விடவும். ஒர்க்ஷாப் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. கிழிந்த காற்று ஹோஸுக்கு, டர்போ மாற்றியதாகப் பில் போட்ட கதை இது. ஒரு கடையோடு நிற்கிற வேலை இல்லை.

வண்டி 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல், ஓடியது 1,12,000 கிலோமீட்டர். ஃபியட்டின் இந்த இன்ஜினை மாருதியும் டாடாவும் பல மாடல்களில் போட்டிருந்தன. நம்ம ரோட்டில் இன்னும் நிறைய ஓடுகிறது. டவுனுக்குள் மெதுவாக உருட்டினால் கோளாறே தெரியாது. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் மிதித்தால் பிக்கப் இல்லை, ‘உஸ்’ஸென்று சத்தம், பின்னால் கரும்புகை. நாங்குநேரி போகும் நாலுவழிச் சாலையில் செக் லைட்டும் எரிந்துவிட்டது. ஸ்கேனரில் வந்த கோளாறுக் கோடு (code) பி0299. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து வர வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்று அர்த்தம்.

அந்தக் கோடு சொல்வது அவ்வளவுதான். அழுத்தம் ஏன் வரவில்லை என்பதை ஆள்தான் தேட வேண்டும். ஒர்க்ஷாப்பில் தேடவில்லை. ஹோஸைக் கழற்றி, உள்ளே இருந்த ஆயில் ஈரத்தை விரலில் தொட்டுக் காட்டி, “டர்போ சீல் போயிட்டு அண்ணாச்சி, இப்படியே ஓட்டுனா இன்ஜினும் போயிரும்” என்றார்கள். ஆட்கள் விழுவது இந்த இடத்தில்தான். இன்ஜினுக்குள் கிளம்பும் ஆயில் ஆவி, காற்று உள்ளே போகும் இன்டேக் வழியாகத்தான் திரும்பப் போகிறது. அதனால் மெல்லிய ஆயில் படலம் டர்போ டீசலில் சாதாரணம். ஹோஸைக் கவிழ்த்தால் ஆயில் ஒழுகுகிறது, நீலப்புகை வருகிறது, ஆயில் குச்சியில் அளவு இறங்குகிறது என்றால் சீல் மேல் சந்தேகப்படலாம். இந்த வண்டியில் மூன்றும் இல்லை.

பில்லில் டர்போ 31,500, இன்ஜெக்டர் சுத்தம் 6,800, ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் வால்வு) சுத்தம் 2,500, ஆயில், ஃபில்டர் 3,200, கூலி 2,300. ஆக 46,300 ரூபாய். பழைய டர்போவைக் கேட்டதற்கு “எக்ஸ்சேஞ்சில் போயிட்டு” என்று பதில்.

ஒன்பது நாள் நன்றாக ஓடியது. பத்தாம் நாள் அதே உஸ், அதே புகை. வேறொரு மெக்கானிக், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் சோப்புத் தண்ணி அடித்துக் காற்றழுத்தம் கொடுத்ததும், வளைவின் அடிப்பக்கம் கிளாம்பை ஒட்டிக் குமிழி கொப்பளித்தது. விரல் நீளக் கிழிசல். அதில் பாதியைக் கிளாம்ப் மறைத்திருந்தது. முதல் ஒர்க்ஷாப்பில் கிளாம்பை இறுக்கி, ஸ்கேனரில் அந்தக் கோளாறுக் கோடு அழித்ததால்தான் அந்த ஒன்பது நாள். ‘புது’ டர்போவோ, கழற்றவே படாத பழையது: எக்சாஸ்ட் பக்க நட்டுகளில் துரு அப்படியே, ஸ்பானர் பட்ட தடம்கூட இல்லை. டர்போவைக் கழற்றினால் கேஸ்கெட்டும் ஆயில் பைப்பின் செம்பு வாஷர்களும் புதிதாக மாட்ட வேண்டும். அவையும் கரி பிடித்துப் பழசாகவே இருந்தன. வெளி ஹவுசிங்கை மட்டும் பளபளவென்று கழுவியிருந்தார்கள். ஹோஸ் 1,850, இரண்டு கிளாம்ப் 160 ரூபாயில் வண்டி சரியாகிவிட்டது.

இப்படிக் கோளாறு வந்தால் பார்க்க வேண்டிய வரிசை வேறு. மிதித்ததும் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் அது கிளட்ச். இன்ஜினைத் தொடவே வேண்டாம். கரும்புகையோடு இழுவை குறைந்தால் காற்றுப் பக்கம் பாருங்கள். டீசல் போதவில்லை என்றால் கரும்புகை வராது. அங்கே டீசல் ஃபில்டர், பம்ப் என்று போக வேண்டும்.

காற்றுப் பக்கம் என்றால் ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டு, டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்டேக் வரை ஹோஸ் முழுவதையும் தடவிப் பாருங்கள். வெளியே ஆயிலும் கரியும் திட்டாகப் படிந்த இடத்தில்தான் கசிவு இருக்கும். கிழிசல் அழுத்தத்தில்தான் வாய் திறக்கும், ஐடிலில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சோப்புத் தண்ணி சோதனை அவசியம், ஆனால் 1 பாருக்கு மேல் காற்று கூடாது. பஞ்சர் கடை கம்ப்ரசரை நேராகச் செருகினால் நல்ல ஹோஸும் கழன்று தெறிக்கும். நடுவே ரெகுலேட்டர் வேண்டும்.

ஸ்கேனரில் லைவ் டேட்டா கேளுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் போட்டால், நம்ம ஊர் உயரத்தில், இன்டேக் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் 100 கிலோபாஸ்கல் அளவில் காட்ட வேண்டும். பிறகு மூன்றாம் கியரில், 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதித்து, இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தத்தையும் வந்த அழுத்தத்தையும் ஒப்பிடுங்கள். வந்தது நன்றாகக் குறைந்தால் கசிவு அல்லது டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர். காற்றழுத்தம் சரியாக இருந்து, ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் அழுத்தம்) விழுந்தால் டீசல் பக்கம்.

டர்போதான் என்று பிடிவாதம் பிடித்தால் முன்வாய் ஹோஸைக் கழற்றி, இன்ஜின் ஆறியபின் ஷாஃப்டை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இம்மி ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் கையில் தட்டுப்படும்படி ஆடினாலோ, பிளேடு ஹவுசிங்கில் உரசிய கீறல் இருந்தாலோ போனதுதான். வண்டியை விடுமுன் டர்போவின் நம்பர் தகட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். இன்ஜெக்டர் சுத்தம் என்றால் முதலில் நாலு பாட்டில் வைத்து ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் டீசல் அளவு காட்டட்டும். டேங்கில் ஒரு டப்பா மருந்து ஊற்றிவிட்டு 6,800 எழுதுவதும் நடக்கிறது.

பணம் போய்விட்டால் பில்லையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்தி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

புது ஹோஸ் மாட்டுவோருக்கு: குழாய் வாயில் இருக்கும் ஆயிலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள், ஈரமிருந்தால் அழுத்தத்தில் நழுவிவிடும். பழைய கிளாம்பைத் திரும்பப் போடாதீர்கள். மாட்டியதும் அதே மேம்பாலத்தில் அதே மூன்றாம் கியரில் ஸ்கேனரோடு ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.