புதிரா, வீட்டுப்பாடமா, எக்செல் கோப்பா?

விற்பனைக் கணக்கைப் பார்த்து விவரம் சொல்லும் வேலைக்கு ஆள் எடுக்கிறோம். வருகிறவருக்கு அலசிப் பார்க்கும் மூளை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் அணி புதிர், வீட்டுப்பாடம், எக்செல் கோப்பு என்ற மூன்று வழிகளையும் பார்த்துவிட்டு, குளறுபடியான ஒரு எக்செல் கோப்பை நேரில் கொடுத்துப் பேச வைப்பதில் வந்து நின்றிருக்கிறது. நானும் அந்தக் கட்சிதான். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

புதிர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 25 குதிரைகள், ஒரு ஓட்டத்தில் 5 தான் ஓடலாம், வேகமான 3 குதிரைகளைக் கண்டுபிடிக்கக் குறைந்தது எத்தனை ஓட்டம் வேண்டும்? கேள்வியை முடிக்கும் முன்பே "7 சார்" என்று பதில் வந்துவிடும். கூகுளில் ஆள் எடுக்கும் பொறுப்பிலிருந்த லாஸ்லோ பாக், இந்த மாதிரிக் கேள்விகள் வீண் வேலை, கேட்பவருக்குத்தான் தான் கெட்டிக்காரர் என்ற நினைப்பைத் தருகின்றன என்று 2013-லேயே பேட்டி கொடுத்துவிட்டார். கல்லூரி வளாகத்தில் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே நாளில் வடிகட்ட ஆப்டிட்யூட் தேர்வு வைப்பது வேறு விஷயம். அங்கே வேறு வழியும் இல்லை.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அசைன்மென்ட் பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. பதற்றம் கிடையாது, நேரம் உண்டு. ஆனால் யார் செய்தது? அண்ணனா, நண்பனா, சாட்ஜிபிடியா? தவிர, ஏற்கெனவே வேலையில் இருப்பவரிடமும் கைக்குழந்தை வைத்திருப்பவரிடமும் ஞாயிற்றுக்கிழமையைச் சம்பளம் இல்லாமல் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்னைப் பொறுத்தவரை இதில் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்றே: கேள்வி வெளியே போன பிறகும் அது வேலை செய்யுமா? எந்தக் கேள்வியும் போகத்தான் செய்யும். காலையில் வந்தவர் மதியம் வருகிறவருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவார். புதிர் அன்றோடு செத்தது. புதிதாக ஒன்று தேட வேண்டும். வீட்டுப்பாடத்துக்கும் அதே கதி. எக்செல் கோப்பில் நான் மாற்ற வேண்டியது உள்ளே புதைத்திருக்கும் கோளாறுகளை மட்டும்தான். கோப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவரும் உட்கார்ந்து தேடித்தான் ஆக வேண்டும்.

ஒரு உதாரணம். ஜவுளிக் கடைகளின் விற்பனைப் பட்டியல். ஒரே கிளை 'காந்திபுரம்', 'காந்திபுரம் கிளை' என்று இரண்டு பெயரில் இருக்கும். சில வரிசைகளில் தேதியும் மாதமும் இடம் மாறியிருக்கும். திரும்பி வந்த சரக்கு கழித்தல் குறியோடு நிற்கும். இதையெல்லாம் பெரும்பாலானவர்கள் பிடித்துவிடுகிறார்கள். அப்புறம் கேட்போம்: "2022 அக்டோபரைவிட 2023 அக்டோபரில் விற்பனை சரிந்திருக்கிறதே, ஏன்?" சிலர் உடனே விலை, போட்டி, ஆன்லைன் என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒருசிலர் மட்டும் நிறுத்தி, "தீபாவளி எப்போ வந்தது?" என்று கேட்பார்கள். 2022-ல் அக்டோபர் 24, 2023-ல் நவம்பர் 12. தீபாவளி ஜவுளி வியாபாரத்தில் ஒரு பங்கு அப்படியே நவம்பருக்குப் போய்விட்டது. இந்தக் கேள்வி வருகிறதா என்றுதான் நாங்கள் காத்திருக்கிறோம். இது வெளியே தெரிந்துவிட்டால் அடுத்த முறை ஆடித் தள்ளுபடி, இல்லாவிட்டால் நடுவில் மூடிக் கிடந்த ஒரு கிளை. கோப்பை மாற்ற எனக்கு அரை மணி நேரம் போதும்.

இதற்காக இதைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் முடியாது. ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1998-ல் பழைய ஆய்வுகளைத் தொகுத்தபோது, வேலையையே செய்யவைத்துப் பார்க்கும் தேர்வுக்கும் அதை எழுதியவர் பின்னால் வேலை செய்யும் விதத்துக்கும் உள்ள தொடர்பை 0.54 (1 என்றால் முழுத் தொடர்பு, 0 என்றால் தொடர்பே இல்லை) என்று முதலிடத்தில் வைத்தார்கள். 2022-ல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதே துறைக் கணக்குகளைத் திருத்திப் பார்த்ததில் அது 0.33-க்கு இறங்கியது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல் 0.42-உடன் முதலிடத்துக்குப் போனது. அதனால் நாங்களும் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறோம். பார்ப்பவர்கள் இருவரும் தனித்தனியாகப் போட்டுவிட்டுத்தான் பேசிக்கொள்வோம்.

பிவட் டேபிள் (எக்செல்லில் கணக்கைத் தொகுத்துப் பார்க்கும் வசதி) தெரியாத புதியவர் இதில் திணறுவார். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் மௌஸைப் பிடித்துக்கொள்ளலாம், என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொன்னால் போதும். தமிழிலேயே சொல்லட்டும். ஆங்கிலத்தில் தடுமாறியவர் தமிழுக்கு மாறியதும் கேள்விகள் சரசரவென்று வருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆன்லைன் நேர்காணலில் திரையைப் பகிர்ந்து இதைச் செய்தால் எந்த அளவுக்கு எடுபடும் என்று சொல்லுமளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. பக்கத்துத் திரையில் என்ன ஓடுகிறது என்பது யாருக்குத் தெரியும்? அணித்தலைவர் பதவிக்கும் இந்தக் கோப்பு மட்டும் போதாது என்றே நினைக்கிறேன். அங்கே பழைய வேலையில் எடுத்த முடிவுகளைத் துருவித் துருவிக் கேட்கிறோம். அப்படி நாங்கள் வேலைக்கு எடுத்தவர்கள் மிகக் குறைவு என்பதால் அதைப் பற்றி இப்போதைக்கு அடித்துச் சொல்ல மாட்டேன்.