வீட்டில் கட்டும் விமானத்தில் எக்ஸாஸ்ட் பைப்பை எதில் கட்டுவது: எஞ்சினிலா, மவுண்டிலா, ஸ்பிரிங்கிலா?

ராணிப்பேட்டை, வேலூர் பக்கத்துப் பட்டறைகளில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் வளைப்பதற்கும் ஆர்கான் வெல்டிங் போடுவதற்கும் தேர்ந்த கைகள் உண்டு. தோல் தொழிற்சாலைகளுக்கும் கெமிக்கல் ஆலைகளுக்கும் வேலை செய்து பழகியவர்கள். ஆனால் சைலன்சர் என்று சொன்னதும் அவர்கள் கண்முன் வருவது லாரி. லாரியில் சைலன்சரை ரப்பர் போட்டு சேஸிஸில் தொங்கவிடுவார்கள். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே நெளிந்து கொடுக்கும் பைப் ஒன்று இருக்கும். அந்த நெளிவுத் துண்டு இல்லாமல் பிராக்கெட்டை மட்டும் வீட்டில் கட்டும் விமானத்துக்குக் கொண்டுவந்தால், பைப் ஃபிளாஞ்ச் (எஞ்சினோடு பைப்பை இறுக்கும் விளிம்புத் தகடு) ஓரத்திலேயே விரிசல் விடும்.

காரணம் இரண்டு. ஒன்று, எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பறக்கும்போது அதிகம் ஆடாது. ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும்தான் உதறும். அந்த உதறலில் பைப்பின் வால் முனை, எஞ்சினின் எந்தப் பகுதியையும் விட அதிகமாக வீசும். இரண்டாவது, சூடு. 600 மி.மீ. நீளமுள்ள எஸ்.எஸ். பைப் 550 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 6 மி.மீ. நீள்கிறது. இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டால் அந்த 6 மி.மீ.க்குப் போக்கிடம் இல்லை. ஃபிளாஞ்சைப் பிடிக்கும் ஸ்டட் (எஞ்சினில் பதித்த மரைக் கம்பி) வளையும், அல்லது வெல்டிங் ஓரம் கிழியும்.

பட்டைத் தகடு போட்டு பைப்பை ஃபயர்வாலோடோ (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்) எஞ்சின் மவுண்டோடோ (எஞ்சினைத் தாங்கும் டியூப் சட்டம்) நேராக இறுக்கும் முறையைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. செய்யாதீர்கள்.

மீதியில் முதலாவது, முழுவதையும் எஞ்சினிலேயே தாங்கவைப்பது. லைகோமிங் ஓ-320, ஓ-360 வகை விமான எஞ்சின்களில் ஆயில் சம்ப்பின் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) போல்ட்டுகளில் பிராக்கெட்டைப் பிடித்து, பைப்பை அதில் தொங்கவிடலாம். பைப்பும் பிராக்கெட்டும் எஞ்சினோடு சேர்ந்தே ஆடுவதால் உதறல் ஒரு பிரச்சினையே இல்லை. எடை குறைவு, பாகங்களும் குறைவு. ஆனால் சூட்டில் நீளும் சிக்கல் அப்படியே இருக்கிறது. ஆகவே பிராக்கெட் பைப்பின் நீளவாக்கில் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும்: ஒல்லியான, நீளமான பட்டை நல்லது, முக்கோணமாக வலுவூட்டிய குட்டைப் பிராக்கெட் கெடுதல். சம்ப் போல்ட்டின் அடியில் பிராக்கெட்டின் தடிமன் சேரும்போது, அந்த அளவுக்கு நீளமான போல்ட் மாற்ற வேண்டும். பழைய போல்ட்டையே போட்டால் மரை பிடிப்பு குறைந்து, நாளடைவில் சம்ப் கேஸ்கெட் வழியே ஆயில் கசியும்.

இரண்டாவது, நடுவில் ரப்பர் ஹோஸ் வைத்த தொங்கல். எட்டில் மூன்று (3/8) அங்குல எஸ்.எஸ். டியூப் இரண்டு துண்டு; வெளிமுனைகளைத் தட்டித் தட்டையாக்கி ஓட்டை போட்டு, உள்முனைகளை ஒரு ரப்பர் ஹோஸுக்குள் சொருகி, இரு பக்கமும் ஹோஸ் கிளிப் போட வேண்டும். உள்ளே இரண்டு டியூப்பும் முட்டக் கூடாது, 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். இதை எஞ்சினிலும் கட்டலாம், மவுண்டிலும் கட்டலாம், ஏனென்றால் ஆட்டத்தை ரப்பர் வாங்கிக்கொள்கிறது. மவுண்டில் கட்டுவதானால் மவுண்டின் டியூப்பில் ஓட்டையும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப்தான். இந்த முறையே சிறந்தது என்பது என் கருத்து, ஆனால் நம் ஊர் வெயிலில் ஒரு நிபந்தனையோடு. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் இறங்கி எஞ்சினை அணைத்ததும், கௌலிங்குக்குள் (எஞ்சினை மூடும் உறை) காற்றோட்டம் நின்று சூடு ஏறும். அந்தச் சூட்டில்தான் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கிறது. கெட்டிப்பட்ட ஹோஸ் இரும்புக் கம்பிக்குச் சமம்; நீங்கள் தவிர்த்த அதே தவறு சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும். ஹோஸ் பைப்பிலிருந்து 100 மி.மீ.க்கு மேல் தள்ளியிருக்கட்டும். வருடா வருடம் கோடைக்கு முன்பே புதிது போடுங்கள். விரலால் அமுக்கிப் பார்த்தால் அமுங்க வேண்டும், மடித்தால் மேல்தோலில் கோடு விழக் கூடாது.

மூன்றாவது, பந்து மூட்டும் ஸ்பிரிங்கும். ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பழக்கம். சைலன்சர் பந்து மூட்டுகளில் உட்கார்ந்திருக்க, கொக்கி ஸ்பிரிங்குகள் அதை இழுத்துப் பிடித்திருக்கும். ஆட்டம், சூடு இரண்டையும் ஒன்றாகச் சமாளிப்பதில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் கவனிப்பாரற்று விட்டால் முதலில் கெடுவதும் இதுதான். மூட்டில் வெப்பம் தாங்கும் ஆன்டிசீஸ் பேஸ்ட் தடவாவிட்டால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று கடித்து இறுகிவிடும். அதன்பின் அது மூட்டே அல்ல. ஸ்பிரிங் அதிர்ந்து அதிர்ந்து கொக்கி தேய்ந்து அறும். அதனால் சுருளுக்குள் வெப்பம் தாங்கும் சிவப்பு சிலிகானை நிரப்பி அதிர்வை அடக்குவார்கள். ஸ்பிரிங் வழியே சேஃப்டி ஒயர் கோத்து, தளர்வாக முறுக்கி விடுங்கள். இறுக்கினால் ஸ்பிரிங் வேலை செய்யாது. புரொப்பெல்லர் பின்னால் உள்ள விமானத்தில் இந்த ஒயர் இல்லாமல் கிளம்பவே கூடாது: அறுந்த ஸ்பிரிங் நேரே புரொப்பெல்லருக்குள் போகும். இன்னொன்று, ரோட்டாக்ஸின் இரண்டு கார்புரேட்டரும் ஒத்துப் போகாவிட்டால் ஐடிலில் எஞ்சின் குலுங்கும்; ஸ்பிரிங் அடிக்கடி அறுந்தால் ஸ்பிரிங்கை மாற்றும் முன் கார்புரேட்டரைப் பாருங்கள்.

நான்கு சிலிண்டர் பைப்புகளைக் குறுக்கே இணைக்கும் அமைப்பில் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் மூட்டு வரும். தாங்கலுக்கு அது மாற்று அல்ல, துணை. குளிர்ந்த நிலையில் கையால் நகர்ந்தால் நல்லது. துருவும் கரியும் சேர்ந்து இறுகினால் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு விடுவிக்க வேண்டும். இது சிறிதளவு கசியும் என்பதால் கேபின் ஹீட்டர் உறைக்குள் (பைப்பின் சூட்டில் கேபினுக்கான காற்றைச் சூடாக்கும் உறை) ஒருபோதும் வரக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

வோக்ஸ்வேகன் எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு குட்டைப் பைப்பாக விட்டால் தாங்கலே வேண்டியதில்லை. சத்தம் அதிகம், அவ்வளவுதான்.

தாங்கல் பைப்பைத் தொடும் இடத்திலும் போட்டி உண்டு. பைப்பில் நேராக ஒரு காதை (ஓட்டை போட்ட சிறு தகடு) பற்றவைத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் 0.9 மி.மீ. சுவரில் அந்தக் காதின் ஓரத்தில்தான் அழுத்தம் குவிந்து விரிசல் தொடங்கும். பற்றவைத்தே ஆக வேண்டுமென்றால், அடியில் மூலைகளை உருட்டிய அகலமான தகடு ஒன்றைப் போட்டு அதன்மேல் காதை வையுங்கள். சுற்றுப்பட்டைக் கிளாம்ப்பில் வெல்டிங் இல்லை, இடம் மாற்றிக்கொள்ளலாம். தளர்ந்தால் பைப்பை அரித்துப் பள்ளம் போடும். எனக்குப் பிடித்தது கிளாம்ப். ரப்பர் உறை போட்ட கிளாம்ப்பை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள், எரிந்துபோகும். நைலான் வளையம் உள்ள லாக் நட்டும் அப்படியே. முழு உலோக லாக் நட்தான்.

பட்டறைக்காரர் வலுவுக்கு 2 மி.மீ. பைப் போடலாம் என்பார். 45 மி.மீ. விட்டத்தில் 0.9 மி.மீ. சுவர் மீட்டருக்குச் சுமார் 1 கிலோ, 2 மி.மீ. என்றால் 2 கிலோவைத் தாண்டும். அந்தக் கூடுதல் எடை முழுவதும் ஸ்டட்டில்தான் தொங்கும். 304 ரக எஸ்.எஸ். எளிதில் கிடைக்கும், ஆனால் நீண்ட நாள் சூட்டில் வெல்டிங் ஓரம் பலவீனப்படும். டைட்டானியம் கலந்த 321 ரகம் அதைத் தாங்கும். அதற்கு வெல்டிங்கில் 347 ஃபில்லர் கம்பி, பைப்புக்குள்ளும் ஆர்கான் வாயு. அளவு குறிக்க பென்சில் வேண்டாம்: அதன் கார்பன் சூட்டில் உலோகத்துக்குள் இறங்கி, போட்ட கோட்டிலேயே விரிசல் விடும். மார்க்கர் பேனாவோ சாக்பீஸோ போதும்.

எந்த முறையானாலும் மாட்டும் வரிசை ஒன்றே. புது கேஸ்கெட் போட்டு ஃபிளாஞ்ச் நட்டுகளைக் கையிறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பைப் தானாக நிற்கும் இடத்தில் நிற்கட்டும். பிறகு ஃபிளாஞ்சை எஞ்சின் மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்குங்கள். கடைசியில்தான் தாங்கல். போல்ட் ஓட்டைக்குள் தானாக விழ வேண்டும். கம்பி விட்டு நெம்பினால்தான் சேர்கிறது என்றால் அந்த நெம்பலை ஸ்டட் தினமும் சுமக்கும். பிராக்கெட்டைத் திருத்துங்கள், பைப்பை இழுக்காதீர்கள். கௌலிங்குக்கும் பைப்புக்கும் நடுவே 15 முதல் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். எரிபொருள் ஹோஸ் அருகே வந்தால் தடுப்புத் தகடு கட்டாயம்.

முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, எஞ்சின் நன்றாக ஆறியதும் ஃபிளாஞ்ச் நட்டுகளின் டார்க்கை மறுபடி பாருங்கள். புது கேஸ்கெட் அமுங்கியிருக்கும். பைப்பின் வாலைப் பிடித்து ஆட்டினால் சற்று நகர்ந்து திரும்ப வேண்டும். கடகடவென்றாலும் தவறு, அசையவே இல்லை என்றாலும் தவறு. விரிசலைத் தேட வாக்குவம் கிளீனரின் ஊதும் முனையை வால் பைப்பில் துணி சுற்றிச் சொருகி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நழுவும் மூட்டில் சில குமிழிகள் வரலாம். ஃபிளாஞ்ச் வெல்டிங்கிலோ காதின் ஓரத்திலோ ஒரு குமிழி வந்தாலும் பைப்பைக் கழற்றுங்கள்.